உரியும் தோலும்: பாம்பின் சட்டை உரிப்பும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

இருளர் பாம்பு பிடிப்போரின் தொழில் தோல் வணிகத்திலிருந்து நஞ்சு எடுத்தலுக்கு மாறியதை வனவிலங்குச் சட்டத்தின் விளைவாக மட்டும் காண்பது வழக்கம். அம்மாற்றத்தைச் சட்டை உரிப்பு என்னும் உடலியல் நிகழ்வை மையமாகக் கொண்டு வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இருளர், அரவுரி, சட்டை உரிப்பு, பாம்புத்தோல் வணிகம், நஞ்சு எடுத்தல், வடநெம்மேலி.

உரித்தல்: ஒரு சொல், இரு செயல்கள்

'பாம்பு சட்டை உரித்தது', 'பாம்பின் தோலை உரித்தனர்' என்னும் இரு தொடர்களிலும் வினை ஒன்றே. முதலாவதில் பாம்பு வாழ்கிறது, இரண்டாவதில் மாள்கிறது. தமிழ் இலக்கிய மரபு பெரிதும் கண்டது முதற்செயலையே. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு நல்கும் ஆடை, இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்மையால் அரவின் உரிக்கு ஒப்பிடப்படுகிறது. புறநானூற்று 383ஆம் பாடலிலும் ஆடைக்குப் பாம்புரி உவமையாகிறது. இன்றைய வழக்கிலுள்ள 'சட்டை' என்னும் சொல்லும் இவ்வுவமையின் தொடர்ச்சி என்று கொள்ள இடமுண்டு.

வணிகத்தின் நோக்கு இதற்கு நேர்மாறானது. பாம்பு தானே கழற்றும் உரி, புறத்தோலின் உயிரற்ற மேலடுக்கு மட்டுமே. நிறமிகள் பெரும்பாலும் அதற்குக் கீழுள்ள உட்தோலில் அமைவதால் உரியில் பாம்பின் வண்ணம் ஏறக்குறைய இருப்பதில்லை. பதனிடுவதற்குரிய வலிமையும் இல்லை. கைப்பைக்கும் காலணிக்கும் வேண்டிய தோலைப் பாம்பைக் கொன்றே பெற முடியும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டுதோறும் பல இலட்சம் பாம்புத் தோல்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. செங்கற்பட்டுப் பகுதி இருளர் அவ்வணிகத்தின் அடிமட்டத்தில் இருந்தனர். பிடிக்கும் திறன் அவர்களுடையது. விலையை முடிவுசெய்தவர் இடைத்தரகர்.

சட்டமும் அதன் பின்னும்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இவ்வணிகத்தை முடக்கின. தடை பாம்பைக் காத்தது. பாம்பு பிடிப்பவரின் வாழ்வாதாரத்திற்கு அதில் விடையில்லை. அந்த இடைவெளியில்தான் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளரும் சேர்ந்து முன்னெடுத்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978இல் உருவாயிற்று. நஞ்சு எடுக்கும் அனுமதி 1982இல்தான் கிடைத்தது. சட்டத்தின் வரலாற்றில் இந்நான்கு ஆண்டுகள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. தொழிலிழந்த குடும்பங்களுக்கு அவை அவ்வளவு குறுகியவையாக இருந்திருக்க இயலாது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் மண்பானைகளில் வைக்கப்பட்டு, ஏறத்தாழ வாரத்திற்கு ஒருமுறை என நான்கு முறை நஞ்சு எடுக்கப்பட்டபின் மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. பிடித்த பாம்பு உயிருடன் திரும்ப வேண்டும் என்பதே தொழிலின் நிபந்தனையாகிவிட்டது. சில நிமிடங்களில் தோலாக்கப்பட்ட உயிர் இப்போது பல வாரங்கள் பராமரிப்பில் இருக்கிறது. அவ்வாரங்களுக்குள் சட்டை உரிக்கும் பருவம் வந்துவிடக்கூடும்.

பானைக்குள் ஒரு பருவம்

அப்பருவத்தின் இயல்பைச் சற்று விரிவாகக் காண்பது தேவை. பழைய புறத்தோலுக்கு அடியில் புதியது முழுமையாக உருவானபின் இரண்டிற்கும் இடையே நிணநீர் போன்ற திரவம் பரவுகிறது. இப்படிநிலைகளைத் திசுவியல் முறையில் வகுத்தவர்களுள் மேடர்சன் முக்கியமானவர். அவரது ஆய்வு 1965இல் வெளிவந்தது. பாம்பிற்கு இமையில்லை. கண்ணை மூடியுள்ள ஒளிபுகும் செதிலும் தோலின் பகுதியே ஆதலால், இந்நாட்களில் கண் பால்நீலமாக மங்குகிறது. பார்வை குன்றிய பாம்பு ஒதுங்குகிறது. பெரும்பாலும் இரையை மறுக்கிறது. தொட்டால் எளிதில் சீறுகிறது. பின்னர் கண் தெளிகிறது. தெளிந்து சில நாட்களில் கரடான பரப்பில் முகவாயைத் தேய்க்க, உதட்டு விளிம்பில் விடுபடும் உரி உட்புறம் வெளியாகப் புரண்டு வால்வரை கழல்கிறது.

காற்று வறண்டிருப்பின் உரி துண்டு துண்டாகக் கிழியும். கண்செதில் கழலாமல் தங்கலாம். வால்நுனியில் வளையமாக எஞ்சிய உரி இறுகிக் குருதியோட்டத்தைத் தடுத்தால் நுனி அழுகிப்போகும். தங்கிய கண்செதிலை வலிந்து பிடுங்கினால் கண்ணே சேதமுறும். ஆகவே வளர்ப்பிடத்தில் ஈரப்பதம், தேய்ப்பதற்கு ஒரு கரடுமுரடான பொருள், கையாளாமை ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவதுதான் கடினம், நஞ்சு எடுக்கும் தொழில் பாம்பின் தலையைப் பற்றுவதிலேயே தொடங்குகிறது. வாரமுறைக்கும் கண் மங்கும் நாட்களுக்கும் முரண் எழும்போது எது விட்டுக்கொடுக்கும் என்னும் வினாவை அனுமதி ஆணைகள் எழுப்புவதில்லை. அவை பேசுவது பாம்புகளின் எண்ணிக்கையை. மண்பானையின் நுண்துளைச் சுவரும் உள்ளிடும் மணலும், வேறு நோக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பினும், கண்ணாடிப் பெட்டியைவிட இப்பருவத்திற்கு ஏற்றவை என்பது கட்டுரையாளரின் கருத்து.

கீழே கிடக்கும் சான்று

கழன்ற உரிக்குச் சந்தையில் மதிப்பில்லை. ஆனால் பாம்பைத் தேடும் இருளருக்கு அது ஒரு சான்று. தடம், எச்சம், வளைவாயின் வழவழப்பு ஆகியவற்றுடன் உரியையும் கொண்டு பாம்பின் இனத்தையும் பருமனையும், அது அங்கே இன்னும் இருக்குமா என்பதையும் அவர்கள் கணிக்கின்றனர். 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு முதல் நான்கு வாரங்களில் 27 பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவியதில் இத்தகைய தடயம் வாசிக்கும் அறிவே துணைநின்றது. 2023இல் இருவருக்கும் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

உரியைச் சான்றாகக் கொண்ட இவ்வறிவுக்கு, பதிவேடு உரியிடம் தோற்கும் இடமும் தெரிந்தேயிருக்கும். ஒரே பாம்பு மீண்டும் விரைவில் பிடிபடாதிருக்க, விடுவிக்குமுன் அதன் வயிற்றுச் செதிலில் அடையாளமிடப்படுகிறது. செதிலை நறுக்கி அடையாளமிடும் முறையை பிளாஞ்சர்டும் பின்ஸ்டரும் 1933இலேயே முன்வைத்திருந்தனர். மேற்பூசிய வண்ணம் முதல் உரியுடனேயே போய்விடும் என்பதால்தான் செதிலையே நறுக்க வேண்டியிருந்தது. அத்தழும்பும் நிலையானதன்று, பல முறை சட்டை உரித்தபின் மங்கிவிடுகிறது. அதன்பின் அதே பாம்பு பிடிபட்டால் பதிவேட்டில் அது புதிய பாம்பு.