கிள்ளான் போரில் நல்லவர் யார்?



ஆறாம் ஆண்டு மாணவர்களை ஒருமுறை கிள்ளானில் உள்ள கெடோங் ராஜா அப்துல்லா கட்டடத்தைக் காண அழைத்துச் சென்றிருந்தேன். ஈயத்தையும் உணவுப் பொருள்களையும் சேமிக்க 1857இல் எழுப்பப்பட்ட கிடங்கு அது. கிள்ளான் போரைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, இந்தப் போரில் நல்லவர் யார்?" அன்று நான் கூறிய மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

1857இல் ராஜா அப்துல்லா, மலாக்கா வணிகர்களின் முதலீட்டைக் கொண்டு 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் வழியாக உள்நாட்டுக்கு அனுப்பினார். ஒரு மாதத்திற்குள் காய்ச்சலுக்கு 69 பேர் பலியாயினர். ஆயினும் அம்பாங்கில் ஈயம் கிடைத்தது. அதன்பின் கிள்ளான் ஆறு பணம் கொழிக்கும் வழியாயிற்று. ஆற்றின் கீழ்ப்பகுதியைக் கைக்குள் வைத்திருப்பவர், மேலே செல்லும் அரிசிக்கும் கீழே வரும் ஈயத்திற்கும் வரி வாங்கலாம் அல்லவா?

கிள்ளானை முன்பு ஆண்டவர் ராஜா மஹாடியின் தந்தை ராஜா சுலைமான். அந்த உரிமை ராஜா அப்துல்லாவிடம் சென்றதை மஹாடி பொறுக்கவில்லை. 1867இல் போர் மூண்டது. கிள்ளான் மஹாடி வசமாயிற்று. சுல்தான் அப்துல் சமாட்டுக்குச் சேர வேண்டிய மாதம் 500 வெள்ளியை அவர் கொடுக்க மறுத்தார். 1868இல் சுல்தான் தம் மருமகனான கெடா இளவரசர் தெங்கு கூடினுக்கு அதிகாரம் வழங்கினார். 1870இல் மஹாடி கிள்ளானை இழந்தார். ஆனால் போர் ஓயவில்லை. யாப் ஆ லோய் கூடின் பக்கம் நின்றார்; அவருடைய சீன எதிரிகள் மஹாடி பக்கம் சேர்ந்தனர். 1872இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. 1873இல் பகாங் படையின் துணையோடு மீட்கப்பட்டது.

அரசியல் யதார்த்தவாதிகள் இதற்குத் தரும் விளக்கம் எளிது. தீர்ப்புச் சொல்லி, அதனை நிறைவேற்றும் வலிமையுடைய மேலதிகாரம் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தற்காப்புக்காகக் கட்டும் கோட்டை, அடுத்தவர் கண்ணுக்குப் படையெடுப்பின் முன்னேற்பாடாகவே தெரியும். அச்சம், மானம், ஆதாயம் ஆகிய மூன்றும் அரசுகளை இயக்குகின்றன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். கிள்ளானில் மூன்றும் இருந்தன.

ஆங்கிலேயர் ஏன் நுழைந்தனர்? ஆங்கிலேய அறிஞர் ஹாப்சன் 1902இல் முன்வைத்த கருத்துப்படி, ஏகாதிபத்தியத்தின் வேர் முதலீட்டாளரின் ஆதாயம். இதற்கும் இங்கே சான்று உண்டு. தெங்கு கூடினின் ஆலோசகராக இருந்து, சிலாங்கூர் ஈயச் சுரங்க உரிமையிலும் தொடர்பு கொண்டிருந்த சிங்கப்பூர் வழக்கறிஞர் டேவிட்சன்தான், பின்னர் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்ட் ஆனார்!

யதார்த்தவாதிகளோ வேறொரு சான்றைக் காட்டுவர். மலாய் மாநிலங்கள் ஜெர்மனியின் பாதுகாப்பை நாடக்கூடும் என்று 1873இல் இலண்டனுக்கு ஒரு கடிதம் சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில், மலாய் மாநிலங்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தருமாறு ஆண்ட்ரூ கிளார்க்கிற்கு ஆணை பிறந்தது. அறிக்கையோடு நில்லாமல் அவர் 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கையையே முடித்தார்.

என் எண்ணம் இதுதான்: இரண்டும் உண்மை. அந்தக் கடிதத்தை அனுப்பியவர் சிங்கப்பூர் வணிகர் ஒருவரின் உறவினர். வணிகர்களுக்கு வேண்டியது ஆதாயம். அரசை அசைக்க வல்லது அச்சம். எந்த அச்சத்தைத் தூண்டினால் அரசு அசையும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் இரப்பர் வந்தது. நம் முன்னோரும் கூட்டங்கூட்டமாக வந்தனர். அவர்கள் இப்போரை நடத்தியவர்கள் அல்லர். எனினும், அதன் முடிவு திறந்துவிட்ட பாதையிலேயே அவர்களின் வாழ்வு அமைந்தது.

அந்த மாணவிக்கு இன்று இவ்வாறு கூறுவேன்: "ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது, அம்மா. காரணத்தை அறிவது வேறு, அதனை நியாயம் என்று ஒப்புக்கொள்வது வேறு. வலியவர்களின் கணக்கில் அந்த 69 பேரின் பெயர்கள் இல்லை. அவர்களையும் எண்ணிப் பார்ப்பதற்காகத்தான் நாம் வரலாறு படிக்கிறோம்."