கொட்டை எழுத்து

ஆண்டு விழா மலரைக் கையில் வாங்கியதும் நம் கண் முதலில் செல்வது எங்கே? தலைப்பில் தடித்து நிற்கும் எழுத்துகளின் மீதன்றோ! அவற்றைக் கொட்டை எழுத்து என்று அழகாகப் பெயரிட்டு வழங்குகின்றோம். அஃது அச்சுலகில் இடம் பெற்ற வரலாற்றைச் சிறிது காண்போம்.

கோவாவில் 1577ஆம் ஆண்டிலும், கொல்லத்தில் 1578ஆம் ஆண்டிலும் தமிழ் எழுத்துகள் உலோகத்தில் வார்க்கப்பெற்றன. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய பதினாறு பக்கச் சிறுநூலே 'தம்பிரான் வணக்கம்'. இந்திய மொழிகளுள் தன் எழுத்தில் முதன்முதல் இந்நாட்டில் நூலாக அச்சேறியது தமிழே என்பது நமக்குப் பெருமை தருவதாம்.

ஆயினும், அந்நாளைய அச்சர்க்கு அரிதாயிருந்தது பெரிய எழுத்தன்று, சிறிய எழுத்தே. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன, தாளோ அருமை. ஆகவே சீகன்பால்கும் அவர்தம் துணைவரும் அவ்வூரிலேயே சிறிய எழுத்துகளை வார்ப்பித்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். பின்னர்ச் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பார் நுண்ணிய எழுத்துகளை உருவாக்கினார். வின்சுலோ அகராதி 1862இல் அங்கே வெளிவந்தது. எழுத்து சிறுத்த பின்னரே பெரியதும் தடித்ததும் தனிப் பொருள் பெற்றன.

ஆங்கிலத்திலும் இவ்வாறே. இலண்டனில் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் 1845இல் 'கிளாரெண்டன்' என்னும் தடித்த எழுத்தை வெளியிட்டது. வரியின் இடையே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டுதற்கு அது பெரிதும் பயன்பட்டது. அகராதிகளின் தலைச்சொற்களுக்கு ஏற்றதாயிற்று. சுவரொட்டிகளுக்கும் ஏறிற்று. அதன் கோடுகளின் முனைகளில் தடித்த பாதங்கள் உண்டு.

தமிழெழுத்துக்கு அத்தகைய பாதங்கள் இல்லை. அதன் வலிமையெல்லாம் வளைவிலும் சுழியிலும் உள்ளது. ஆதலின், கோட்டை அளவின்றித் தடிப்பாக்கினால் 'ண', 'ஞ' ஆகியவற்றின் உட்சுழிகளில் மை நிறைந்து உருவம் மறையும். எழுத்தை அகலப்படுத்தி, இடைவெளி விட்டே தடிப்பிக்க வேண்டும். தலைப்பு, திருமண அழைப்பு, அறிவிப்பு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். நூல் முழுவதும் அதுவேயாயின் கண் சோர்ந்துவிடும். எல்லாரும் உரக்கக் கூவினால் எவர் குரல் கேட்கும்?

நந்திதுர்க் வாழ் தமிழராகிய நமக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 28-2-2001இல் மூடப்பெற்றன. பிழைப்பை நாடிப் பல குடும்பங்கள் வெளியூர் சென்றன. நம் பிள்ளைகளுட் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழைப் பேசுவர், படிக்கத் தயங்குவர். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான தாத்தாவின் திருமண அழைப்பில், துதிக்கை வளைத்த 'லை'யைக் கண்டால் அவர்கள் திகைக்கின்றனர்.

அன்பர்களே, பெட்டியடியில் உறங்கும் அவ்வழைப்பை வெளியே எடுங்கள். அதன் கொட்டை எழுத்தில் விரல் வைத்துப் பேரப்பிள்ளைக்கு ஒவ்வோர் எழுத்தாய்க் காட்டுங்கள். தாத்தாவின் பெயரைக் கூட்டிப் படித்த பிள்ளை, நாளை இம்மலரின் சிறிய எழுத்தையும் தானே படிக்கும்.