நிகாஹ் இல்லா வாழ்வும் நாட்டின் சட்டமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நிகாஹ் இன்றி ஆணும் பெண்ணும் கூடி வாழ்வது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதில் நம்மிடையே இரு கருத்தில்லை. ஆனால் அவ்வாறு வாழ்ந்தவன் கைவிட்டுச் சென்றாலோ, இறந்துவிட்டாலோ அப்பெண்ணும் பிள்ளைகளும் எங்கே நிற்பார்கள்? எப்போதும்வென்றான் போன்ற கரிசல் ஊர்களிலிருந்து நம் பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் செல்லும் இக்காலத்தில், இக்கேள்விக்குச் சட்டம் தந்த விடையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1952இல் முகம்மது அமீன் எதிர் வக்கீல் அகமது என்னும் சொத்து வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. நிகாஹ் நடந்ததற்கு நேரடிச் சான்று இல்லை. எனினும் இருவரும் 23 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணவன் மனைவியாக வாழ்ந்தமையால் நிகாஹ் நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் வாரிசுரிமை நிலைத்தது. இங்கே சட்டம் நிகாஹ் நடந்திருக்கும் என்று ஊகித்ததேயன்றி, நிகாஹ் வேண்டாம் என்று கூறவில்லை.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் ஒரு படி மேலே சென்று, 'திருமணத்தின் தன்மையிலான உறவில்' வாழ்ந்த பெண்ணுக்கும் பாதுகாப்பு அளித்தது. 2010 ஏப்ரலில் நடிகை குஷ்பு வழக்கில், வயது வந்த இருவர் மணமின்றிக் கூடி வாழ்வது குற்றமன்று என உச்ச நீதிமன்றம் கூறியது.

குற்றமன்று என்பதாலேயே உரிமை வந்துவிடுமா? அதே ஆண்டு அக்டோபரில் கோவை வழக்கொன்றில் விடை கிடைத்தது. 1986இல் தமக்கு மணமானதாகக் கூறிய பெண், மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் கேட்டு 2001இல் குடும்ப நீதிமன்றம் சென்றார். தமக்கு 1980லேயே வேறொருவருடன் மணமாகிவிட்டது என்றார் அந்த ஆண். உச்ச நீதிமன்றம் நான்கு நிபந்தனைகளை வகுத்தது: இருவரும் ஊரறியத் தம்பதியர்போல் வாழ்ந்திருக்க வேண்டும், மணவயதை அடைந்திருக்க வேண்டும், வேறு மணமின்றி, மணக்கத் தகுதி உடையோராய் இருக்க வேண்டும், விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். பின்னர் மறுவிசாரணைக்கு வழக்கு திருப்பி அனுப்பப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழிந்தும் அப்பெண்ணின் போராட்டம் முடியவில்லை.

நிகாஹ்வோ முதல் நாளிலேயே சாட்சிகளை நிறுத்தி, மஹரை அவளுக்குரிய உரிமையாக்குகிறது. எனவே ஜமாஅத் தஃப்தரில் எழுதுவதோடு நில்லாமல், தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாள்களுக்குள் அரசிலும் பதிவு செய்வோம். ரகசிய நிகாஹ்களுக்கு இடமளியாதிருப்போம்.

ஏமாற்றப்பட்ட பெண் நம் வாசலுக்கு வந்தால் பழித்துரைத்து விரட்டுவது தீனன்று. பெண்களுக்கு இலவச உதவி வழங்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்கு அவளை அழைத்துச் செல்வதும் நம் கடமையே. பாவத்தைப் பாவம் என்று சொல்லும் நாவு, அநீதியையும் அநீதி என்று சொல்ல வேண்டும்.

அல்லாஹ் நம் குடும்பங்களைக் காத்தருள்வானாக. ஆமீன்.