பங்கீட்டுக் காலமும் பிடியரிசியும்

ஆட்சிகளின் வரலாற்றை அரண்மனைகளில் தேடுவோர் அடுப்படியை எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அடுப்படி ஆட்சியையே அசைத்ததுண்டு. இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதற்குச் சான்று பகரும் ஊர்கள்.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீடு புகுந்தது. போர் ஓய்ந்தும் தட்டுப்பாடு ஓயவில்லை. 1949 ஏப்ரலில் முதல்வரான பி. எஸ். குமாரசாமி ராஜா இராஜபாளையத்தவர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்த பெருந்தகை. எனினும் 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் அவரே தோல்வியுற்றார். 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. உணவுத் தட்டுப்பாடு அத்தோல்விக்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். அடுத்து வந்த இராஜாஜி அவ்வாண்டு ஜூனில் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார்.

அரிசி அருகிய காலத்தில் குடும்பங்கள் எவ்வாறு பசியாறின? மலையடிவாரக் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளையும். கிழக்கே விரியும் கரிசலோ கம்பும் சோளமும் தரும். கம்பங்கூழும் சோளச்சோறும் எளியோரின் அன்றாட உணவாயிருந்தன. வடித்த கஞ்சி வீணாகவில்லை. இரவில் மீந்த சோறு காலையில் நீராகாரமாயிற்று. குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், சிறிதளவு கறி ஆகியவற்றைக் கொண்டு பலரை அமர்த்தும் நம் நோன்புக் கஞ்சியும் இந்த நிரவும் கலையைச் சேர்ந்ததே.

இத்துடன் நம் இல்லங்களில் மற்றொரு வழக்கமும் இருந்தது. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை மத்ரஸாவுக்கென ஒதுக்கிவைப்பார்கள். வீண்விரயத்தைத் தடுத்த மார்க்கம் கஞ்சத்தனத்தையும் தடுத்துள்ளது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேர்வழியைப் பிடியரிசிப் பானை காட்டிற்று. தனக்கே குறைவாயிருக்கையில் பிறருக்கும் பங்கு வைப்பதன்றோ உண்மைச் சிக்கனம்!

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வந்த அரிசியை நிரவப் பெண்ணின் திறமை போதும். வாராத அரிசியை அத்திறமை படைத்துவிடாது. ஆட்சியாளர் அதை உணர்ந்ததன் விளைவே 1972இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமும், 2011 ஜூன் முதல் குடும்ப அட்டைகளுக்கு வழங்கப்படும் விலையில்லா அரிசியும் எனலாம்.

அரிசிக் கவலை தணிந்த இந்நாளில் பருப்பும் எண்ணெயும் காய்கறியும் நம் இல்லத்தரசியரின் கணக்கைச் சோதிக்கின்றன. அவர்களுடைய சிக்கனத்தைப் புகழ்வதோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. விருந்துகளில் நாம் கொட்டும் சோற்றைக் குறைப்போம். மறைந்துவரும் பிடியரிசியை மீண்டும் ஒதுக்குவோம். நம் உணவில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!