மலர் மருந்துகளும் மிகையுணர்வும்

பூக்களின் சாரம் இறங்கிய நீரைச் சில சொட்டுகள் உட்கொண்டால் மனநிலை சீராகும் என்னும் கொள்கையில் அமைந்த மாற்று மருத்துவ முறை மலர் மருத்துவம். இதை உருவாக்கியவர் எட்வர்ட் பாட்ச் (1886–1936) என்ற ஆங்கிலேய மருத்துவர். நுண்ணுயிரியலிலும் ஹோமியோபதியிலும் ஈடுபட்டிருந்த அவர், 1930இல் லண்டனை விட்டு நாட்டுப்புறம் போய், இறப்பதற்குள் 38 மருந்துகளை வகுத்துவிட்டார். (அவற்றுள் ‘ராக் வாட்டர்’ பூவே அல்ல, வெறும் ஊற்றுநீர்.) 38ஐயும் ஏழு தொகுதிகளாகப் பிரித்தவர், பிறர் சொல்லுக்கும் சூழலுக்கும் அளவு மீறி ஆட்படும் மிகையுணர்வு உடையோருக்கென ஒரு தொகுதியை ஒதுக்கினார். வேதனையைச் சிரிப்புக்குள் மறைப்பவருக்கு அக்ரிமனி, மறுக்கத் தெரியாதவருக்கு சென்டாரி, வாழ்க்கை மாறும்போது தடுமாறுபவருக்கு வால்நட், பொறாமையிலும் வெறுப்பிலும் வேகுபவருக்கு ஹாலி. எளிதில் மனம் சுருங்குபவரைத் தமிழில் ஒரு செடியின் பெயராலேயே தொட்டாற்சிணுங்கி என்கிறோம். பாட்சின் பட்டியலில் அந்தச் செடிக்கு இடமில்லை.

மென்மையான பூக்களை ஊற்றுநீரில் மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார்கள். மரப்பூக்களை அரை மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். வடித்த நீருடன் அதே அளவு பிராந்தி சேர்த்து, அதில் இரண்டு சொட்டை 30 மில்லி பிராந்தியில் கலப்பார்கள். வழக்கமாக அதுவும் மீண்டும் நீரில் கரைக்கப்படுவதால், குடிப்பவருக்குக் கிடைப்பது முதல் நீரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு நீர்த்ததில் வேதிப்பொருள் எதுவும் வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பது கடினம். ஆனால் ‘பலன் இருக்க முடியாது’ என்பது வாதம்தான், சான்று ஆகாது. சான்று சோதனையிலிருந்தே வர வேண்டும்; சோதனைகளும் நடந்திருக்கின்றன. தேர்வுப் பதற்றம் உள்ள 61 பேரிடம் ஹரால்ட் வாலக் குழுவினர் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், மலர்ச் சொட்டு குடித்தவர்களின் பதற்றம் குறைந்தது. பூ இல்லாத வெற்று மருந்து குடித்தவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. கவனக்குறைபாடு உள்ள குழந்தைகளிடம் இஸ்ரேலில் நடந்த ஆய்விலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. 2010இல் ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெற்று மருந்தோடு ஒப்பிட்டவற்றில் ஒன்றுகூட மலர் மருந்தின் தனிப் பலனைக் காட்டவில்லை.

‘குடித்தேன், குணம் தெரிந்தது’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை என்பதையும் இந்த முடிவுகளே சொல்கின்றன. பலன் உண்டு, அது பூவிலிருந்து வரவில்லை. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மருந்தை நாடுகிறார், உச்சம் எப்படியும் தணியும். அதோடு எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆதரவாளர்களின் வலுவான மறுப்பு வேறு: ஆளுக்கேற்ப மருந்தைத் தேர்வதே இம்முறையின் உயிர், எல்லோருக்கும் ஒரே கலவையைக் கொடுத்த ஆய்வு எதை நிரூபிக்கும் என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஐந்து மலர்கள் சேர்ந்த ‘ரெஸ்க்யூ ரெமடி’ என்ற ஆயத்தக் கலவை யாருக்கும் உதவும் என்றுதானே கடைகளில் விற்கப்படுகிறது? ஆளுக்கேற்ற தேர்வையும் சோதிக்க வழி உண்டு. மருத்துவர் அவரவருக்குரியதை எழுதட்டும்; குப்பியில் இருப்பது மருந்தா வெற்று நீரா என்பதை மூன்றாமவர் குலுக்கலில் முடிவு செய்யட்டும். ‘மலரின் ஆற்றல் கருவிக்கு எட்டாது’ என்ற பதிலும் இங்கே உதவாது, ஏனெனில் அளக்கப்படுவது ஆற்றல் அல்ல, குடித்தவரின் மனநிலை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் மிகுந்த பதற்றம் உள்ளவர்களிடம் மட்டும் மலர் மருந்து பலன் காட்டியது என்பதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். மொத்தக் கணக்கில் வேறுபாடு தெரியாதபோது உட்பிரிவில் கிடைக்கும் பலன், மறுபடி சோதிக்கத்தக்க ஊகம் மட்டுமே.

மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் பதற்றத்தையும் கவனக்குறைபாட்டையும் அளந்தவை. ஆண்டுக்கணக்கில் தொடரும் மிகையுணர்வு அவற்றின் அளவுகோலில் இல்லை. ஆகவே அதற்கு மலர் மருந்து உதவுகிறது என்பதற்கான நேரடி ஆதாரமும் இவற்றில் கிடைக்காது. ‘மறுக்கத் தெரியவில்லை’ என்று தன் நிலைக்கு ஒரு பெயர் கிடைப்பதும், ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்பதும் ஆறுதல் தரலாம். அதற்குக் குப்பி தேவையில்லை. சொட்டுகளால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. மதுப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் மட்டும், பல குப்பிகளில் பூவைவிடப் பிராந்தியே மிகுதி என்பதைக் கவனிக்க வேண்டும்.