புதுச்சேரி: செஞ்சிச் சீமையின் கடல்வாயில்

சோழமண்டலக் கரையில், சென்னைக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் அமைந்ததும், 1673 முதல் 1954 வரை, ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் கைப்பற்றியிருந்த காலங்கள் நீங்கலாக, பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததுமாகிய புதுச்சேரி, இன்று கடைவீதிக்காகவும் உணவுக்காகவும் பழைய கட்டடங்களுக்காகவும் பிரயாணிகள் நாடிவரும் நகரமாகப் பிரசித்தி பெற்றிருக்கிறது. ஏட்டில் புதுவையென்றும் பேச்சில் பாண்டியென்றும் வழங்கும் இந்நகரத்தை அதன் வெள்ளைச் சுவர்களையும் கடற்கரைச் சாலையையும் கொண்டு மட்டும் மதிப்பிடுவோர், அது எந்தச் சீமையின் விளைபொருளாலும் கல்லாலும் தறியாலும் உருவாயிற்று என்பதைக் கவனிப்பதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி, வல்லம், திண்டிவனம் வழியாகக் கிழக்கே இறங்கிவரும் நெடுஞ்சாலை புதுச்சேரியில்தான் கடலைத் தொடுகிறது. இத்துறைமுகத்தின் சரித்திரத்தையும் அந்தச் சாலையின் மேற்கு முனையிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

அதற்கு முன்னர், நகரின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானியச் சாடிகளின் துண்டுகளும் இத்தாலிய நாட்டுச் செம்பளபளப்பு மண்கலங்களும் இங்கே வெளிப்பட்டன; கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடற்பிரயாண நூலில் பொதுகே என்று குறிக்கப்படும் துறை இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆகவே கடல் கடந்து வந்தவர்கள் இக்கரையில் சரக்கு வாங்கிப்போனது பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுமையன்று. எனினும், இன்று மேட்டுக்குச் செல்பவர் காணக்கூடியவை சில செங்கற் சுவர்களும் தோப்பும் மட்டுமே. அகழ்ந்தெடுத்த பொருள்களைக் காண நகரத்து அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் செஞ்சி நாயக்கர்களின் அரசு வீழ்ந்து, 1649-ல் கோட்டை பீஜப்பூர் சுல்தானின் வசமானபின், தென்பகுதியை வலிகொண்டபுரத்திலிருந்து நிர்வகித்த ஷேர்கான் லோடி என்பவரின் அனுமதி பெற்றே, 1673-ல் பெல்லாஞ்சே தெ லெஸ்பினே என்னும் பிரெஞ்சுக்காரர் இக்கடற்கரைக் குப்பத்தில் காலூன்றினார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த பிரான்சுவா மார்த்தேன், துப்பாக்கியைக் காட்டிலும் பொறுமையையே நம்பிய மனிதர். 1677-ல் சிவாஜி செஞ்சியைக் கைக்கொண்டு ஷேர்கானையும் முறியடித்தபோது, மார்த்தேன் காணிக்கையுடன் தூதனுப்பித் தம் வர்த்தகசாலையைக் காத்துக்கொண்டார். செஞ்சியில் யார் கொடி பறந்தாலும் புதுச்சேரி அதற்கு வணங்கியே வாழவேண்டியிருந்த காலம் அது. சிவாஜியின் குமாரர் ராஜாராம், முகலாயப் படை முற்றுகையிட்டிருந்த செஞ்சிக் கோட்டைக்குள் பணமின்றித் தவித்த சமயம் பார்த்து, ஒல்லாந்தர் அவரிடமே புதுச்சேரியை விலைக்கு வாங்கி, 1693-ல் பிரெஞ்சுக்காரரை வெளியேற்றினர். கடற்கரையிலுள்ள ஊரின் கிரயத்தை மலைக்கோட்டைக்குள் இருந்த அரசர் முடித்துக்கொடுத்த இச்சம்பவம், இவ்விரண்டு ஊர்களின் உறவை விளக்கப் போதுமானது. ஆறு ஆண்டுகளுக்குப்பின், ரிஸ்விக் உடன்படிக்கையின்படி நகரம் பிரெஞ்சுக்காரருக்கே திரும்பிற்று. ஆனால் இன்று பிரயாணிகள் பிரெஞ்சு நாட்டுத் திறமை என வியக்கும் நேர்கோட்டு வீதிகளின் அமைப்புக்கு, அந்த இடைக்காலத்தில் ஒல்லாந்தர் வரைந்த நகரத் திட்டமே அடிப்படை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நகரை வளர்த்தது துணி. உள்நாட்டுத் தறிகளில் நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத் துணி கப்பலேறி, ஆப்பிரிக்காவின் செனகல் கரையில் பிசின் வர்த்தகத்துக்கு நாணயம்போல் பயன்பட்டது. அக்காலத்து நகர வாழ்க்கையை அறிய நமக்குக் கிடைத்திருக்கும் ஒப்பற்ற சாதனம், பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த தினசரி. கப்பல் வந்த செய்தி, பீரங்கி மரியாதை, சரக்கின் விலை, பெரிய மனிதர்களின் பொறாமை, வீதியில் உலாவிய வதந்தி ஆகிய யாவும் அதில் இடம் பெற்றிருக்கின்றன. ரங்கப்பிள்ளை வீதியில் 1730-களில் கட்டிய அவருடைய இல்லம் இன்றும் இருக்கிறது: கீழ்த்தளத்தில் நம் நாட்டு மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சு முறையில் சுண்ணாம்பு பூசிய தூண்கள். இரண்டு எஜமானர்களுக்கும் இரண்டு பாஷைகளுக்கும் இடையில் வாழ்ந்தவரின் வீட்டுக்கு வேறு முகப்பு அமைந்திருக்க முடியாது.

பிரமுகர்கள் விருந்தினராய் வந்து தங்கும் வழக்கமும் அப்போதே தொடங்கிவிட்டது. 1740-ல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி மராட்டியருடன் நடந்த போரில் இறந்துபட, அவருடைய குடும்பத்தார் புதுச்சேரிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே மிரட்டியபோது, கவர்னர் துய்மா இணங்க மறுத்தாராயினும், தூதுவந்தவர்வழியாக நாந்த் நகரத்து இனிப்பு மதுப் புட்டிகள் சிலவற்றை அனுப்பிவைத்தார் என்றும், அதன் ருசியில் மயங்கிய ரகோஜியின் மனைவி மேலும் வேண்டுமென்று கேட்டதால் சமாதானம் எளிதாயிற்றென்றும் ஒரு கதை சொல்வதுண்டு. கதை எவ்வளவு தூரம் உண்மையோ, புதுவை மதுவை நாடி வெளியூரார் வருவதற்குச் சரித்திரத்தில் இதைவிடப் பழைய அத்தாட்சி காட்டுவது கடினம்.

1750 செப்டம்பரில், அதுவரை யாராலும் எளிதில் வெல்லமுடியாதென மதிக்கப்பட்ட செஞ்சியைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். அங்கே பிரெஞ்சுப் படை 1761 ஏப்ரல்வரை இருந்தது. அந்தப் பதினோராண்டின் விளைவைப் புதுச்சேரிக் கடற்கரையில் இன்றும் கண்ணாரக் காணலாம். காந்தி சிலையைச் சூழ்ந்து வான்நோக்கி நிற்கும் கருங்கற் தூண்கள் எட்டும் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. கீழ்க்கோட்டையில், பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முத்தியாலு நாயக்கர் கட்டிய வேங்கடரமணர் ஆலயத்தைச் சேர்ந்தவை என்பர். ஒவ்வொன்றும் ஒரே கல்லில் வடித்தது. சதுரமும் பட்டையுமாக மாறிமாறி எழும் உடலில், பக்கத்துக்குப் பக்கம் சிற்பியின் உளி பட்ட உருவங்கள், உப்புக்காற்று அரித்துக் கூர்மழுங்கியும், அருகில் சென்று பார்ப்பவருக்கு அடையாளம் தெரிகின்றன. மண்டபத்தின் கூரையைத் தாங்கப் பிறந்த தூண்கள் எதையும் தாங்காமல் நிற்பதைப் பற்றி, அவற்றின்முன் படமெடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் எத்தனை பேர் நினைக்கிறார்களோ! செஞ்சியில் அந்த ஆலயம் தன் கோபுரத்துடன் நிற்கிறது. அமுதம் கடைந்த காட்சியும் ராமாயணக் காட்சிகளும் அதன் வாயிலில் இருக்கின்றன. இரண்டையும் பார்த்தவர்க்கே இரண்டும் முழுமையாக விளங்கும்.

டூப்ளேயின் நகரத்தைக் காணவேண்டுமென்று வருகிறவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. 1761 ஜனவரி 16-ல் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் நகரம் சரணடைந்தபின், ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765-க்குப் பின் பிரெஞ்சுக் கவர்னர் ழான் லா தெ லோரிஸ்தோன் பழைய வீதிக் கோடுகளின்மீதே நகரைப் புதிதாக எழுப்பினார். எனவே கடற்பக்கத்து உயர்ந்த மதில்களும் மஞ்சள் பூச்சும் வளைவு ஜன்னல்களும் கொண்ட மாளிகைகள் எல்லாம் அதற்குப் பிற்பட்டவையே. டூப்ளே நமக்கு எஞ்சியிருப்பது, 1870-ல் நிறுவி, இப்போது கடற்கரைச் சாலையின் தென்கோடியில் நிற்கும் சிலையில்தான். 1816-ல் இறுதியாக நகரம் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிய பிறகே கலங்கரை விளக்கம் (1836), தூதர்களின் தேவமாதா கோயில் (1855) முதலியவை எழுந்தன. மிஷன் வீதியிலுள்ள சம்பாக் கோயில் 1791-க்குரியது. ரயிலடிக்கு அருகிலுள்ள திரு இருதய ஆலயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. பாரதி பூங்காவின் நடுவில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டிய ஆயி மண்டபம், தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய தாசி ஒருத்தியின் நினைவாகும். விளக்கொளி வீசிய அவள் வீட்டைக் கோயிலென்று மயங்கிக் கிருஷ்ணதேவராயர் வணங்கினார் என்னும் ஐதிகம் இன்றும் வழங்குகிறது. அந்தக் குளமிருந்த முத்திரையர்பாளையத்து நீரைப் பிரெஞ்சுக்காரர் கொணர்ந்து நகரத்தின் தாகம் தீர்த்தபோது, பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் பெயரைக்காட்டிலும் அவள் பெயரே மண்டபத்துக்கு நிலைத்தது.

துறைமுகம் என்று சொல்கிறோமேயன்றி, கப்பல் வந்து அணையும் ஆழமான துறை இவ்வூருக்கு வாய்க்கவே இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, தைத்த பலகைகளாலான சலங்குப் படகுகள் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. 1866-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் அமைந்தது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது. அதன்பின், செஞ்சி, வல்லம், திண்டிவனம் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் விளைந்து, இப்பக்கத்தார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை, மூட்டை மூட்டையாக மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. 1952 புயலில் அந்தப் பாலம் அழிந்தது. பின்னர் கட்டிய பாலமும் 2022 மார்ச்சில் ஒருபகுதி இடிந்து கடலில் விழுந்தது.

மல்லாட்டைக்கு முன்னரே மனிதரும் ஏற்றுமதியாயினர். பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை 1848-ல் ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டனர். புதுச்சேரியிலிருந்து சென்ற முதல் கப்பல் 1853 மே மாதத்தில் கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவின் சேன்பியேர் துறையை அடைந்தது. அடுத்த முப்பதாண்டுகளில் அத்தீவுக்குச் சுமார் 25,000 பேரும், அண்டைத் தீவாகிய குவாதலூப்புக்கு 40,000-க்கு மேற்பட்டோரும் புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளின் வழியே போயினர். அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். சேன்பியேர் 1902-ல் பெலே எரிமலையின் சீற்றத்தில் அழிந்துபோக, தீவின் தலைநகராகிய போர்தெபிரான்சே கப்பற் பிரயாணிகள் இறங்கிக் கடைவீதி சுற்றி, கோட்டையையும் இரும்பாலான ஷெல்ஷர் நூலகத்தையும் கண்டு, உண்டு திரும்பும் நகரமாயிற்று. அங்கே சந்தையில் கொலொம்போ என்ற பெயரில் விற்கும் மசாலைப் பொடியைக் கையில் கொட்டிப் பார்த்தால், கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் என நம் அஞ்சறைப் பெட்டியே கண்முன் நிற்கும். அத்தீவுகளில் மாரியம்மன் கோயில்களும் உண்டு. கரீபியத் துறைமுகத்தைப் பார்த்து மகிழ்ந்து வருபவர், அந்த ஆனந்தத்தின் ஒரு பகுதி தென்னாற்காட்டுக் கூலிகளின் கண்ணீரால் விளைந்தது என்பதை மறப்பது தகாது.

கடைவீதிக்கு வருவோம். வெள்ளையர் பகுதியைப் பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே, திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் நிறைந்த தமிழர் பகுதியின் நடுவே பெரிய மார்க்கெட் இருக்கிறது. இப்போது கூபேர் பெயரைத் தாங்கியது. காலைநேரத்தில் வாழையிலைக் கட்டும் கனகாம்பரமும் ஒருபக்கம், வஞ்சிரத்தை அறுக்கும் மீன்காரப் பெண்களின் குரல் மறுபக்கமாக, அங்கே நகரம் தன் சொந்த முகத்துடன் இருக்கிறது. ஒரு காலத்தில் டூப்ளே பெயரைத் தாங்கிய நேரு வீதியில் துணிக்கடைகளும், ஞாயிறு தோறும் காந்தி வீதியோரம் விரிக்கும் சண்டே மார்க்கெட்டில் ஆடை, பழம்புத்தகம், பாத்திரம் முதலியனவும் கிடைக்கும். இந்தியாவுடன் 1941-ல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949-ல் முறிந்தபின், வெளிநாட்டுக் கடிகாரமும் பேனாவும் இங்கே மலிந்து கிடக்க, எல்லைச் சாவடிகளில் சோதனை கடுமையாயிற்று. ஆயினும் வயலுக்கு வயல் எல்லை மாறும் நாட்டில் சாவடி எதைத் தடுக்கும்! 1954 அக்டோபரில் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்து, நவம்பர் 1-ல் ஆட்சி மாறியதோடு அந்த வியாபாரம் ஒடுங்கிற்று. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதமும் ஆரோவில் ஊதுவத்தியும் இன்றைய சரக்குகள்.

உணவைப் பொறுத்தவரை, கடலோர உணவுவிடுதிகளில் பிரெஞ்சுப் பெயரிட்டு அதிக விலைக்குப் பரிமாறுவனவற்றைக் காட்டிலும், இங்குள்ள கலப்புக் குடும்பங்களின் அடுக்களையில் வளர்ந்த சமையலே மேலானது. புளிப்பேறிய விந்தாலிக் கறியும், மீன்கள் பல சேர்ந்த பூயாபேஸ் குழம்பும், கிறிஸ்துமஸுக்கு ரவையும் ரம்மும் கலந்து செய்யும் விவிக்கமும் அவ்வகையின. சின்ன வெங்காயத்தைப் பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலையுடன் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, சித்திரை வெயிலில் பலநாள் காயவைக்கும் நம் தாளிப்பு வடகம், வடுவான் என்னும் பெயருடன் பிரான்ஸின் பெரிய சமையற்காரர்கள் கைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. மதுவின் பொருட்டு மட்டும் வருவோர் பலர். அவர்களால் நகரத்துக்கு வருமானமுண்டு, அழகில்லை.

1908 முதல் பத்தாண்டு புதுவையில் இருந்த பாரதியார் வாழ்ந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் இல்லமும், 1910-ல் வந்த அரவிந்தரின் ஆசிரமமும் தனித்தனியே எழுதத்தக்கவை. இங்கே பெயரளவில் நிறுத்துகிறோம்.

2025 ஜூலையில் சொகுசுக் கப்பலொன்று புதுச்சேரிக்கு வந்தது. ஆழம் போதாமையால் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, பிரயாணிகளைச் சிறு படகுகளில் இறக்கியது. அதே மாதத்தில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. புதுவையில் தங்கும் பிரயாணிகள் விடியற்காலையில் திண்டிவனம், வல்லம் வழியே புறப்பட்டால், வெயில் ஏறுமுன் ராஜகிரியின் படிகளைத் தொடலாம். வேங்கடரமணர் ஆலயத்தையும் பார்த்துவிட்டு அன்று மாலையே நகருக்குத் திரும்புவது இயலக்கூடியதே.