கழுத்துக் கட்டிக் கதிர்சிகிச்சை: நோயாளி நிலைப்பாட்டுத் துல்லியம்

படவழிக் கதிர்சிகிச்சையில், திட்டமிடும் சிடி ஸ்கேனின்போது நோயாளி படுத்திருந்த நிலை ஒவ்வொரு நாளும் எவ்வளவு நெருக்கமாகத் திரும்பக் கிடைக்கிறது என்பதே நிலைப்பாட்டுத் துல்லியம். கழுத்தில் தண்டுவடமும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கட்டியை ஒட்டியே இருப்பதால் சில மில்லிமீட்டர் விலகலும் பெரிது.

வெந்நீரில் இளக்கிய தெர்மோபிளாஸ்டிக் முகமூடி தலையையும் தோள்களையும் மேசையோடு பிணைக்கிறது. பிறகு சிகிச்சை இயந்திரத்திலேயே கூம்புக்கற்றை சிடி எடுத்து, எலும்புகளைத் திட்டப் படத்துடன் பொருத்தி, மேசையை நகர்த்துவார்கள். ஆறு அச்சு மேசை சிறு சுழற்சிகளையும் திருத்தும். கழுத்தின் வளைவை மட்டும் எந்த மேசையாலும் திருத்த முடியாது. தாடை கச்சிதமாகப் பொருந்தியிருக்க, கீழ்க்கழுத்து முள்ளெலும்புகள் விலகி நிற்கலாம். நோயாளியை எழுப்பி மறுபடி படுக்கவைப்பதே அதற்கு வழி.

நிலைப்பாட்டில் நாளுக்கு நாள் திசை மாறும் தற்செயல் பிழைகள் கதிரளவின் எல்லையைச் சற்றே மங்கலாக்கும். முறைசார் பிழைகள் நாள்தோறும் ஒரே பக்கம் விலகுவதால் அவையே ஆபத்தானவை. மார்செல் வான் ஹெர்க் குழுவினர் கட்டியைச் சுற்றிக் கூடுதலாகச் சேர்க்கும் விளிம்பின் அகலத்துக்காக 2000இல் வெளியிட்ட சூத்திரம் முறைசார் பிழையின் திட்டவிலக்கத்தை 2.5ஆலும், தற்செயல் பிழையினதை 0.7ஆலும் பெருக்கிக் கூட்டுகிறது. தினமும் படமெடுத்தால் பொதுவாக 3 முதல் 5 மி.மீ. விளிம்பு வைக்கிறார்கள்.

ஆறேழு வாரச் சிகிச்சையில் நோயாளி மெலிந்து, கட்டி சுருங்கி, முகமூடி தளர்ந்தால் புது முகமூடியும் புதுத் திட்டமும் தேவைப்படலாம்.